கழுவாத கோழி

உங்கள் கணவருக்கு ஒருத்தர் தன் கிட்னியைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் என்ன குறை சொல்வீர்கள்? குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்ல முடியுமா? டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்ல முடியுமா? என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் ஜன்னல் திரை அழுக்கு என்று அவர் சொல்லும்போது, சலவைக்கடையில் வேலை பார்க்கிற நான் வாயைத் திறக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத்தான் முடியும். நான் சிரித்தேன்.

என் நாத்தனாரைத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தால், டிரைவர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவார்களாம். வீட்டிலும் அதே பார்வைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே தூக்கம் வராது. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் நைசாக நழுவி, மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்குவார்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் போயிற்று. ரத்தம் சுத்திகரித்துவிட்டு வீடு திரும்பும்போது பிழிந்த துணியாகத்தான் வருவார். நான் என் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன், பொருந்தவில்லை. அண்ணிக்குப் பொருந்தியது. "எப்போ படுக்கணும்?" என்று மட்டும் டாக்டரிடம் கேட்டார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு என் வாயில் விழுந்த பூட்டுதான். அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க அண்ணி" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். கனமான குரல், படபடவென்ற பேச்சு.

"புதுக் கிட்னியை உடம்பு ஏத்துக்கணும்னா, உடம்போட எதிர்ப்பு சக்தியை நாங்க அடக்கி வெச்சாகணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. அதனால சின்ன கிருமிகூட அவருக்குப் பெரிய ஆபத்து. உங்களுக்கும் எனக்கும் வயித்தைக் கலக்கிட்டுப் போயிடறது, அவருக்கு ரத்தத்துல ஏறிடும். கிட்னியே போனாலும் போயிடும். முக்கியமா கோழி."

"கோழி குடுக்கவே கூடாதா?"

"தாராளமா குடுங்க. ஆனா பச்சைக் கோழின்னாலே கிருமி இருக்குன்னு வெச்சுக்குங்க. அதைக் கழுவாதீங்க."

"கழுவாமலா?" எனக்கு முகம் கோணிவிட்டது.

"கழுவினா கிருமி சாகாதும்மா. தண்ணியோட தெறிச்சு சமையலறை பூரா குடியேறிடும். நேரா சட்டியில போடுங்க. நல்லா உள்ள வரைக்கும் வேகணும். கலரைப் பாத்து ஏமாறாதீங்க. சதையில குத்திப் பாக்கிற தெர்மாமீட்டர் விக்குது, வாங்கிக்குங்க. எழுபத்தஞ்சு டிகிரி காட்டிச்சுன்னா கவலையே வேணாம். பச்சைக் கோழி பட்ட கையி, கத்தி, பலகை எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவுங்க. அப்புறந்தான் மத்ததைத் தொடணும்."

தெர்மாமீட்டரை அன்றே வாங்கி, ஸ்பூன் போடுகிற டிராயரில் வைத்தேன். அண்ணியிடம் இதைச் சொல்வதுதான் மலையாக இருந்தது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "கோழியைக் கழுவ வேணாம்னு நர்ஸ் சொன்னாங்க அண்ணி" என்று ஆரம்பித்தேன்.

"கழுவாம சமைக்கிறதா? அந்தக் கவிச்சியை யாரு தின்பாங்க? மஞ்சளை அள்ளிப் போட்டு நாலு தண்ணியில அலசினா எந்தக் கிருமி நிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் சோபாவில் சாய்ந்தார். சாயும்போது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. தையல் போட்ட இடம். சரிங்க அண்ணி என்று டீ போடப் போய்விட்டேன்.

அப்போது அது பெரிய விஷயமாகவும் படவில்லை, ஏனென்றால் என் வீட்டுக்காரர் கறியைத் தொடவே இல்லை. மாத்திரையெல்லாம் சேர்ந்து நாக்கைக் கெடுத்து வைத்திருந்தது. எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்பார். கஞ்சியும் இட்லியுமாக மாதங்கள் போயின. திடீரென்று ஒரு சனிக்கிழமை, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கோழிக் குழம்பு சாப்பிடணும் போல இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் செய்த முதல் காரியம் அண்ணிக்குப் போன் போட்டதுதான். "நாளைக்கு நான் வந்து சமைக்கிறேன். நீ எதையும் தொடாதே" என்றார் அண்ணி. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடையில் வெட்டிய கோழியோடு அண்ணி வந்து இறங்கினார். எங்கள் சமையலறை இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவு. தொட்டிக்கு ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பாத்திரம் காய வைக்கிற கூடை. அவர் வருவதற்கு முன்பே நான் வெள்ளரிக்காயைத் தோல் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, வெள்ளைத் தட்டில் அடுக்கி அந்தக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நறுக்கென்று எதையாவது கடிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டிருந்தார்.

அண்ணிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கோழித்துண்டுகளைச் சல்லடையில் கொட்டி, மஞ்சள்தூளைக் கைநிறைய அள்ளிப் பூசி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சல்லடையில் மோதிச் சடசடவென்று சத்தம் போட்டது. நான் வாசலில் நின்றிருந்தேன். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எப்படியும் கொதிக்கத்தானே போகிறது, வெந்தால் எல்லாம் செத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துணி உலர்த்த பால்கனிக்குப் போனேன். கோழியைப் பற்றி மட்டுமே யோசித்தேன். வெள்ளரிக்காய் என் புத்தியிலேயே இல்லை.

வாளியைக் காலி செய்துவிட்டு வந்தபோது கோழி அடுப்பில் ஏறியிருந்தது. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று, ஒரு வெள்ளரி வில்லையை வாய்க்குக் கொண்டுபோனார். அதில் ஒரு புள்ளி இருந்தது. மஞ்சள் புள்ளி. கடுகை விடச் சின்னது.

வேறு யாராக இருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. சலவைக்கடையில் என் வேலையே அதுதான். வருகிற துணியை வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். எண்ணெய், மை, டீ எல்லாம் வழிக்கு வந்துவிடும். மஞ்சள்தான் எமன். மஞ்சள் பட்ட துணிக்கென்று தனிக் கூடையே வைத்திருக்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்து என் கண் தட்டுக்குப் போயிற்று. தட்டு முழுக்க மஞ்சள் பொட்டு.

அவர் கையை ஓங்கித் தட்டினேன். வில்லை பறந்துபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கையைத் தடவிக்கொண்டு கேட்டார் அவர்.

"எத்தனை தின்னீங்க?"

"என்னது?"

"வெள்ளரிக்கா எத்தனை தின்னீங்க? வாயில இருக்கா? துப்புங்க!"

"ஒண்ணுதான். முழுங்கிட்டேன். எதுக்குக் கத்தற?"

அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு மேலாக அந்த டிப்போ பார்வை வந்தது. "கோழி என் கையால சமைக்கிறேன்னதும் உனக்கு என்னவோ ஆயிடுச்சு. காலையிலேருந்து பாக்கிறேன், மூஞ்சி ஒரு முழத்துக்கு இருக்கு. என் கையில விஷமா இருக்கு?"

பூட்டு உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்று எனக்கே தெரியாது.

"உங்க கையில இல்ல அண்ணி, நீங்க தெறிக்க விட்ட தண்ணியில இருக்கு! கழுவாதீங்கன்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? கோழி வெந்துடும். வெள்ளரிக்கா வேகுமா? இதை அப்படியே பச்சையாத்தானே அவரு தின்றாரு?"

"மஞ்சள் போட்டுத்தானே..."

"மஞ்சள் கிருமியைக் கொல்லல. அது எங்கெங்க போச்சுன்னு காட்டிக் குடுத்திருக்கு, அவ்வளவுதான்!"

சொல்லிவிட்டு, என்ன துணிச்சலில் செய்தேனோ, அவர் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு லென்ஸிலும் பொடிப்பொடியாக மஞ்சள். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டிலிருந்து பார்வை பாத்திரக் கூடைக்குப் போயிற்று. அங்கே அவருடைய தம்பி மாத்திரை விழுங்குகிற டம்ளர், கவிழ்த்து வைத்தது, அதன் விளிம்பிலும் இரண்டு புள்ளி இருந்தது.

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை, ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அன்றைக்குக்கூட.

நர்ஸுக்குப் போன் போட்டேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. நீங்களா எந்த மருந்தும் குடுக்காதீங்க. ஒரு வில்லைதானே, ஒண்ணும் ஆகாமலே போயிடலாம். ஆனா சில கிருமி ஒரு வாரம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும். ஜுரம், வயித்து வலி, பேதி, எது வந்தாலும் நேரம் காலம் பாக்காதீங்க, நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். கடைசியில், "சமையலறையை முதல்ல சுத்தம் பண்ணுங்க. சோப்பும் சுடுதண்ணியும் போட்டுத் தேச்சுட்டு, அப்புறம் கிருமிநாசினி. புள்ளி தெரியாத இடத்தையும் விடாதீங்க" என்றார்.

என் வீட்டுக்காரரைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு நானும் அண்ணியும் இறங்கினோம். புள்ளிகள் போன வழியே போனோம். குழாய்க்குப் பின்னால் சுவர், எண்ணெய் ஜாடியின் மூடி, கைப்பிடித் துணி, ஜன்னல் திரையின் அடிப்பாகம் என்று மஞ்சள் கைக்கெட்டாத தூரமெல்லாம் போயிருந்தது. வெள்ளரிக்காய் குப்பைக்குப் போயிற்று. அண்ணி முழங்கை வரை சோப்பு நுரையோடு தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் போதும் என்றபிறகும் தேய்த்தார். கோழி வெந்தது. தெர்மாமீட்டர் தாராளமாகவே காட்டியது. ஆனால் அன்று யாருக்கும் அதை வாயில் வைக்க மனசு வரவில்லை. அண்ணி குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் இருமினால் ஓடினேன். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டினேன். "ஒரு மனுஷன் நிம்மதியா உக்காரக்கூட முடியல" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அண்ணியிடமிருந்து காலையும் மாலையும் போன் வந்தது. ஹலோ கூட கிடையாது. "ஜுரம்?" என்பார். "இல்லீங்க அண்ணி" என்பேன். "வயிறு?" "நல்லா இருக்கு." வைத்துவிடுவார். டிப்போவில் பஸ் வந்ததா என்று கேட்கிற அதே குரல்தான், ஆனால் கடைசியில் ஒரு மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டபோது சுட்டது. அண்ணிக்குப் போன் போட்டுவிட்டு, நான் வீடு முழுக்க ஜுரமானியைத் தேடி எடுத்து அவர் நாக்குக்கடியில் சொருகுவதற்குள், டிப்போ சீருடையோடு ஆட்டோவில் வந்து நின்றார் அண்ணி. ஜுரமே இல்லை. மனிதர் மேற்கு ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்.

"வெயில்ல காஞ்ச மண்டை சுடாம என்ன பண்ணும்?" என்று அவர் ஜுரமானியை வாயில் வைத்துக்கொண்டே குளறினார். எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடிப்பதற்கு முன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு வழக்கமான ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. அண்ணியும் லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் முடிவைப் பார்த்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "கிட்னி ஜம்முனு வேலை செய்யுது. வேற எந்தக் கோளாறும் இல்ல. நர்ஸ் சொன்னாங்க, அந்த வெள்ளரிக்கா கதையை. தப்பிச்சீங்க. இனிமே கோழியைக் குளிப்பாட்டாதீங்க" என்றார்.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. உடம்பே லேசாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்க மருந்துக் கவுன்டருக்குப் போனார். நானும் அண்ணியும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரோ சக்கர நாற்காலியைக் கிறீச் கிறீச்சென்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நான் குடுத்ததை நானே எடுத்திருப்பேன்ல?" என்றார் அண்ணி.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. தட்டை அங்க வெச்சவ நானு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னவளும் நான்தான்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் மூடிக்கிட்டே? முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுவியே."

"கிட்னி குடுத்தவங்ககிட்ட எப்படி அண்ணி வாயாடறது?"

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நிற்க, கோபம் பொங்கியது. "பாத்தியா? எனக்கு அப்பவே தெரியும். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததுலேருந்து எதைச் சொன்னாலும் சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி. நானும் எப்படியெல்லாம் வம்புக்கு இழுத்துப் பாத்தேன்! டிவியை அலற விட்டேன். உன் ஜன்னல் திரை அழுக்குன்னேன். உனக்கு ரோஷம் வரட்டும்னுதான் சொன்னேன். அதுக்கும் நீ ஈன்னு சிரிச்சே."

"அப்ப திரை அழுக்கா இல்லையா?"

"பளிச்சுனு இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு கோபம் வந்து! நான் அந்தத் திரையைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், வேறொருத்தர் துணிக்கு நடுவில் திருட்டுத்தனமாகத் துவைத்து வந்தவள்.

"நான் ஒரு கிட்னியைத்தான் குடுத்தேன்" என்றார் அண்ணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரும் என்னை மொத்தமாத் தூக்கி ஷெல்ஃபுல வெச்சுட்டீங்க. அன்னைக்கு நீ என்னைப் பாத்துக் கத்தினே பாரு, பயத்துல உசிரே போச்சு. ஆனா வீட்டுக்குப் போனப்புறம் ஒண்ணு தோணிச்சு. அப்பாடா, இவ திரும்பி வந்துட்டான்னு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. அத்தனை சோப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி மறுபடியும் கோழியோடு வந்தார். இந்தத் தடவை வாசலிலிருந்தே அதிகாரம் ஆரம்பித்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாமான் இருக்கக் கூடாது. காய் நறுக்கும் பலகை வேறு, கோழிப் பலகை வேறு. தம்பி அடுப்படிப் பக்கமே தலை காட்டக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்தவர், கையில் துண்டுகளை வைத்துக்கொண்டு குழாயை ஒரு நிமிஷம் ஏக்கத்தோடு பார்த்தார்.

"அண்ணி!" என்றேன்.

"பாக்கத்தானே செஞ்சேன்" என்று அப்படியே சட்டியில் போட்டார். பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டுக் கையை நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவினார். மஞ்சள் சட்டிக்குள் மட்டும் விழுந்தது. வெந்ததும் தெர்மாமீட்டரைப் பெரிய துண்டின் நடுவில் குத்தி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல நின்றார். எழுபத்தைந்தைத் தாண்டி முள் ஓடியதும், "வண்டி கிளம்பலாம்!" என்று கூடத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

என் வீட்டுக்காரர் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரும்பு ருசி இல்லை என்றார். அண்ணி முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"உப்பு தூக்கல்" என்றேன். "டாக்டரு உப்பைக் குறைக்கச் சொன்னது காதுல விழலையா அண்ணி?"

"எனக்கு நீ சமையல் சொல்லிக் குடுக்கறியா?" என்று எழுந்தார் அவர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.